வலது ஸ்பீக்கர்

இதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். இரண்டு பக்கத்துக்காரர்களும் கம்போடு நின்று முறைத்தபோதும், அரை அடி கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இதில் வரும் நேரங்களை எல்லாம் அன்றே என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இட்டுக்கட்டி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் பழக்கம் அதைவிட இல்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன் என்றால், எழுதாமல் இருக்க முடியவில்லை என்று அர்த்தம்.

போன மாதத்துக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் தங்கிப் போக வந்திருந்தார்கள். வரும்போதே மாப்பிள்ளை எனக்கு ஒரு புது டிவி வாங்கி வந்திருந்தார். படம் நன்றாக இருந்தது. சத்தம்தான் ஒன்றுமில்லை. செய்தி வாசிப்பவர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாசிப்பது போல இருந்தது. நான் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"ஏங்க, இதுக்கு மேல கூட்டினா அவரே எழுந்து ஓடிடுவாரு" என்றாள் என் மனைவி.

"என் காது நல்லாத்தான் இருக்கு. டிவிக்குத்தான் வாய் இல்ல."

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா சொல்றது சரிதான் அத்தை. இப்ப வர்ற டிவியெல்லாம் ஒல்லி. ஸ்பீக்கர் வைக்கவே இடம் இல்ல. ஆமா மாமா, ஸ்டோர் ரூம்ல போர்வை போட்டு மூடி ஒரு பெரிய ஸ்டீரியோ இருக்கே... டிவியை அதோட சேர்த்துட்டா என்ன?"

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

"அது ரிப்பேர்" என்றேன்.

"என்ன ரிப்பேர்?"

அது ரிப்பேரே இல்லை. இருபத்தெட்டு வருடம் முன்னால் ஒரு மாலையில் நானே அதை அணைத்து, போர்வை போட்டு மூடினேன். அதன்பிறகு யாரும் தொடவில்லை.

"இருபது மாடி லிஃப்டையே சரி பண்றவன் மாமா நான். இதுக்குப் போய் பயப்படுறீங்களே."

மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினீயர். கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவர். நல்ல மனிதர், நல்ல குடும்பம். அவர்கள் பெண் கேட்டு வந்தபோது, எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். நான் ஒரே பிள்ளை என்றேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். என் மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தோம்.

எனக்கு ஒரு தங்கை உண்டு. என்னைவிடப் பதினாலு வயது இளையவள். ஓயாமல் பேசுவாள் என்பதால் குருவி என்று கூப்பிடுவோம்.

மறுக்க மறுக்க மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வரும் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

மாலை 4.30. என் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் ஹாலுக்குக் கொண்டுவந்து தூசி தட்டினார். கடைக்குப் போய் ஒரு கேபிள் வாங்கி வந்தார். அதன் ஒரு முனை டிவியின் இயர்போன் துளைக்கு. மறுமுனை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளை இடது பக்கத்துக்கு, சிவப்பு வலது பக்கத்துக்கு. அவ்வளவுதான் வேலை.

5.20க்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். முகப்பில் இருந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. இத்தனை வருடம் கழித்தும், நேற்றுத்தான் அணைத்தது போல.

இடது ஸ்பீக்கரில் செய்தி கணீரென்று வந்தது. வலது ஸ்பீக்கர் ஊமை.

மாப்பிள்ளை சிவப்பையும் வெள்ளையையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். "இப்ப ஊமை இடது பக்கம் போச்சுன்னா டிவில கோளாறு. வலது பக்கமே இருந்துச்சுன்னா நம்ம செட்டுல கோளாறு."

வலது பக்கமே இருந்தது.

ஸ்பீக்கரின் பின்பலகையைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். உள்ளே கூம்புக் காகிதத்தைப் பூச்சி அரித்துச் சல்லடை ஆக்கியிருந்தது.

"உள்ள கம்பிச் சுருளே அறுந்து போச்சு மாமா. இது செத்த ஸ்பீக்கர். இதுல இருந்து இனிமே மூச்சு கூட வராது. ஒன்னு போதும், விடுங்க."

பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் செய்தி பார்த்தோம். எனக்கு உள்ளூர நிம்மதி. இதற்குப் போய் இவ்வளவு யோசித்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மணி 6.12.

டொக். டொக். டொக்.

மாப்பிள்ளை எழுந்து வாசல் கதவைத் திறந்தார். யாரும் இல்லை.

டொக். டொக். டொக்.

"பின்கதவு போல" என்று உள்ளே போனார். திரும்பி வந்தார். "அங்கயும் யாரும் இல்ல மாமா."

நான் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் எந்தக் கதவிலிருந்தும் வரவில்லை. என் வலது கைப் பக்கம், நான்கு அடி தூரத்திலிருந்து வந்தது.

மாப்பிள்ளையும் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பீக்கருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காதை வைத்தார்.

டொக். டொக். டொக்.

"இதுக்குள்ள எலி கிலி புகுந்திருக்கா? இப்பத்தானே திறந்து பார்த்தோம்..."

டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். இடது ஸ்பீக்கர் அடங்கியது. வலது அடங்கவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு, வலது ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடுங்கினார். இரண்டு செம்பு முனைகளும் அவர் விரல்களுக்கு நடுவே அந்தரத்தில் இருந்தன.

டொக். டொக். டொக்.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அப்போதுதான் சிரிப்பு போனது.

இந்த இடத்தில் நான் அந்தப் பழைய மாலையைச் சொல்லியாக வேண்டும்.

குருவிக்கு மாப்பிள்ளை பார்த்தது நான். வேலை, வசதி, பெயர் எல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தேன். மூன்றாவது வருடமே, அவன் அடிக்கிறான் என்று கடிதம் வந்தது. பொறுத்துப் போ என்று பதில் எழுதினேன். இன்னொரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு மாலை, நல்ல மழை. எங்கள் ஹாலில் விருந்தாளிகள். யார் தெரியுமா? அவளுடைய கணவனின் பெரியப்பாவும் அவர் குடும்பமும். அந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்ததே அவர்தான். நான் புதிதாக வாங்கியிருந்த ஸ்டீரியோவை அவருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பின்கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

போய்ப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். கையில் ஒரு பை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. ஹாலுக்கு வந்து, ஸ்டீரியோவின் சத்தத்தை முழுவதும் கூட்டினேன். அவள் தட்டுவது அந்தப் பெரியவர் காதில் விழக் கூடாது. புருஷன் வீட்டை விட்டு ஓடிவந்தவள் எங்கள் வீட்டுப் பெண் என்று அவர் ஊரெல்லாம் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. பாட்டு முடிவதற்குள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அதன்பிறகு அவளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. வீட்டின் மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அல்ல, இருபத்தெட்டு வருடம் அப்படியே நினைத்தேன்.

இப்போது 6.27.

தட்டுவது வேகமானது. அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. சளசளவென்று... மழை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தெரு காய்ந்து கிடந்தது. எதிர் வீட்டுக் கொடியில் துணி உலர்ந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். கையில் ஈரத்துணி. ஸ்பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

6.31.

"அண்ணே..."

மெல்லிய குரல். ஓடி வந்து மூச்சு வாங்குகிறவள் குரல்.

"அண்ணே... நான்தான்..."

"ஏதோ ரேடியோவை இழுக்குது போல மாமா" என்றார் மாப்பிள்ளை. "நீளமான வயர் இருந்தா சில சமயம்... அப்படி..."

அவர் கையில் பிடித்திருந்த வயர் எதோடும் சேரவில்லை. அது அவருக்கும் தெரியும்.

"அண்ணே... குருவி வந்திருக்கேன்..."

நான் எழுந்தேன். என் கை தானாக ரிமோட்டை எடுத்தது. டிவி சத்தத்தைக் கூட்டியது. பிறகு ஆம்ப்ளிஃபயர் திருகை வலதுபுறம் திருப்பியது. கடைசி வரை. மாப்பிள்ளைக்கு எதுவும் கேட்கக் கூடாது. அன்றைக்கும் அப்படித்தான். அதே திருகு. அதே கை.

இடது ஸ்பீக்கரில் செய்தி வீடே அதிரும்படி அலறியது.

வலது ஸ்பீக்கர் அதைவிட அலறியது.

"அண்ணே! திறங்கண்ணே! கதவைத் திறங்கண்ணே!"

நான் திருகைக் குறைத்தேன். செய்தி குறைந்தது. அவள் குறையவில்லை.

மாப்பிள்ளை பாய்ந்து, டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொதுவாக இருந்த பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். டிவி அணைந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஆம்ப்ளிஃபயரின் மஞ்சள் விளக்கு...

எரிந்துகொண்டே இருந்தது.

டொக். டொக். டொக்.

"திறங்களேன்" என்றாள் என் மனைவி. அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. "இந்தத் தடவையாவது திறங்களேன்."

"எதைத் திறக்கிறது?"

"எதையாவது."

மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா... அண்ணேன்னு உங்களையா கூப்பிடுறாங்க?"

நான் மஞ்சள் விளக்கையே பார்த்தேன்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

தட்டுவது நின்றது.

மழையும் நின்றது.

என் பதிலுக்கு அதுவும் காத்திருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. வேலைப் பழக்கம். 6.42.

சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். என் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். இவ்வளவுக்கும் ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

"இல்ல மாப்பிள்ளை. எனக்குத் தங்கச்சியே கிடையாது."

மஞ்சள் விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான். அதன்பின் எந்தச் சத்தமும் இல்லை. மாப்பிள்ளை தன் மனைவியிடம் கூட எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நானே ஸ்டீரியோவை ஸ்டோர் ரூமில் வைத்து, பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11.05. வாசலில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நர்ஸ் உடை. வீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு, என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். ஹாலில் என் மனைவியும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். அங்கே ஏழு வருடமாக ஒரு அம்மா இருந்தார்களாம். அதற்கு முன்னால் ஒரு பள்ளி விடுதியில் துணி தைத்துப் பிழைத்தவர்களாம். ஞாயிற்றுக்கிழமை மாலை இறந்துவிட்டார்களாம்.

"உடம்பை வாங்கிக்க சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும் ஐயா. அவங்க நோட்டுல இந்த ஒரு விலாசம்தான் இருந்துச்சு."

ஒரு படிவத்தை நீட்டினாள். பேனாவையும் கொடுத்தாள். பெயர், முகவரி எழுதினேன். அடுத்த கட்டம்: இறந்தவருக்கு என்ன உறவு?

மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

அண்ணன் என்று எழுதினேன். முப்பத்தாறு வருடம் கோடு போட்ட கை. அந்த நான்கு எழுத்தும் கோணிக்கொண்டு போயின.

நர்ஸ் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இப்ப மட்டும் அண்ணன்னு எழுதுறீங்களே ஐயா. அன்னைக்கு போன்ல அப்படிச் சொல்லிட்டு..."

"என்ன போன்?"

"ஞாயித்துக்கிழமை நான் பண்ணின போன். அவங்களுக்குத் தொண்டைல ஆபரேஷன் ஆகி ஒன்பது வருஷமா பேச்சே கிடையாது. எது வேணும்னாலும் கட்டில் கம்பியில தட்டித்தான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு ஆறு மணிக்கு மேல முடியாமப் போச்சு. விடாம கம்பியைத் தட்டி, நோட்டுல இருந்த நம்பரைக் காட்டினாங்க. மூணு தடவை போட்டேன். மணி அடிச்சுது, யாரும் எடுக்கல. நாலாவது தடவை எடுத்தீங்க. நீங்க ஒன்னும் பேசல. செய்திச் சத்தம்தான் ரொம்ப பலமா கேட்டுச்சு. அவங்களுக்கும் கேக்கட்டும்னு நான் ஸ்பீக்கர்ல போட்டு, காதுகிட்ட வச்சேன்."

என் மனைவி ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"செய்தி நின்னதும் ஒரு அம்மா, 'திறங்களேன்'னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் இவங்க எழுந்து உட்காரப் பார்த்தாங்க ஐயா. ஒரு வாரமா தலையைக் கூடத் தூக்காதவங்க. பையை எடுத்துக் கொடுன்னு எனக்குக் கை காட்டினாங்க. கிளம்புற மாதிரி..." நர்ஸ் கையில் இருந்த படிவத்தை மடித்தாள். "அப்புறம்தான் நீங்க சொன்னீங்க, தங்கச்சியே கிடையாதுன்னு. இதே குரல். அவங்க மெதுவா படுத்துக்கிட்டாங்க. மூச்சு நின்ன நேரம் பார்த்து நான் எழுதினேன். 6.42."

எங்கள் வீட்டில் அப்போது போன் அடிக்கவில்லை. மூன்று பேரும் ஹாலில்தான் இருந்தோம். யாரும் யாருடைய போனையும் தொடவில்லை.

"எந்த நம்பருக்கும்மா போட்டீங்க?" என்று மாப்பிள்ளைதான் கேட்டார்.

அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். எங்கள் வீட்டின் பழைய எண். மேஜை போன் இருந்த காலத்து எண். வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்து, டெலிபோன்காரர்கள் வந்து வயரை அறுத்துப் போய் ஆறு வருடம் ஆகிறது. அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எங்கள் கண் முன்னாலேயே அந்த எண்ணை மறுபடி அழைத்தாள். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் சொன்னது. அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு அதில் அப்படியே இருந்தது. எடுத்த நேரம் 6.33. பேசிய நேரம் ஒன்பது நிமிடம்.

அன்றே போய் உடலை வாங்கினோம். மாப்பிள்ளைதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மகளும்தான். அதைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை.

இதைக் கேட்ட இரண்டு மூன்று பேர், உன் தங்கையின் ஆவி வந்திருக்கிறது என்றார்கள். கணக்கு அப்படி வரவில்லை. நான் எத்தனையோ தடவை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன். 6.12க்கும் 6.31க்கும் என் தங்கை உயிரோடுதான் இருந்தாள். கட்டிலில், மூச்சோடு, கம்பியைத் தட்டிக்கொண்டு இருந்தாள்.

அவள் படுத்திருந்த அறையில் ஆள் இல்லாமல் கேட்ட குரல் என்னுடையதுதான்.